வீட்டுக்குப் போனவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ம் ஆண்டு வாக்கில் வெட்டியது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அதில் எழுதியிருக்கிறது.

பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். ஒரு சிறுவன் கையை விட்டு ஓர் ஓலையை எடுக்க வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர்தான் உறுப்பினர்.

யார் பெயர் குடத்தில் விழலாம்? அதற்கும் விதிகள் உண்டு. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது.

இந்த விதி 1952-ம் ஆண்டில் இருந்திருந்தால், ஒருவர் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆகியிருக்க முடியாது. அவருக்கு அப்போது வயது 73!

அவர்தான் ராஜாஜி.

தொரப்பள்ளிச் சிறுவன்

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தார். ஊர், ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி. தந்தை அந்தக் கிராமத்து முன்சீப்.

பெங்களூரிலும் சென்னையிலும் படித்தார். சேலத்தில் வக்கீல் ஆனார். வருமானம் நன்றாக வந்தது. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவர் ஆனார்.

பிறகு காந்தியடிகளின் வழியில் நடந்தார். வக்கீல் தொழிலை உதறினார். சிறை சென்றார். திருச்செங்கோடு அருகே ஆசிரமம் அமைத்துக் கதர் வேலை செய்தார். 1930-ல் தொண்டர் படையுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு எடுத்தார்.

முதல் ஆட்சி

1937-ல் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அந்தக் காலத்தில் மாகாணத்தின் தலைமை மந்திரிக்கு அதுதான் பெயர்.

சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். கடனில் மூழ்கிய விவசாயிகளுக்குச் சட்டம் செய்தார். ஆலயப் பிரவேசத்துக்கும் சட்டம் செய்தார்.

ஆனால், பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கினார். தமிழ்நாடு கொதித்தது. தாளமுத்து, நடராசன் என்ற இரு இளைஞர்கள் சிறையில் மாண்டனர். அந்த வடு ஆறவில்லை.

யுத்தம் வந்தது. 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜியும் பதவியை விட்டார்.

பிறகு அவர் ஏறாத படி இல்லை. மேற்கு வங்காளத்தில் கவர்னர். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். பிறகு டெல்லியில் உள்துறை மந்திரி. 1951-ல் அதையும் விட்டுச் சென்னை திரும்பினார்.

இனி ஓய்வுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெரும்பான்மை இல்லை!

1952 தொடக்கத்தில் முதல் பொதுத் தேர்தல் முடிந்தது. அப்போது சென்னை ராஜ்யம் பெரியது. ஆந்திரமும் மலபாரும் அதில் அடக்கம். சட்டசபையில் 375 இடங்கள். ஆட்சி அமைக்க 188 பேர் வேண்டும். காங்கிரசுக்குக் கிடைத்தது 152 தான். முதல்-மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார்.

எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்தன. கம்யூனிஸ்டுகளும் வேறு பல கட்சியினரும் பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஆட்சி கேட்டார்கள்.

காங்கிரஸ்காரர்கள் ராஜாஜியிடம் ஓடினார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. சட்டசபையில் உறுப்பினரும் இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார். பிறகு ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10-ந் தேதி ராஜாஜி பதவி ஏற்றார்.

இது கொல்லைப்புற வழி என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. ஜனங்களிடம் ஓட்டு வாங்காதவர் எப்படி ஆளலாம் என்று கேட்டன. கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி ஐகோர்ட்டுக்குப் போனார். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் அந்தக் கேள்வி நிலைத்து நின்றது.

கை கொடுத்த சிறு கட்சி

பதவி ஏற்றால் போதுமா? சட்டசபையில் தலைகளை எண்ணுவார்களே!

அந்த நாளில் உத்திரமேரூர் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவிலும் வட ஆற்காட்டிலும் காமன்வீல் கட்சி என்ற சிறு கட்சிக்குச் செல்வாக்கு உண்டு. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர். சட்டசபையில் அக்கட்சிக்கு ஆறு பேர்.

ராஜாஜி அவரை மந்திரி சபையில் சேர்த்துக் கொண்டார். ஒரே கட்சி ஆட்சி, கூட்டு ஆட்சி ஆயிற்று. சில கட்சிகள் வெளியில் இருந்து ஆதரவு தந்தன. சுயேச்சைகள் பலரும் வந்து சேர்ந்தார்கள்.

ஜூலை 3-ந் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 200. எதிர்ப்பு 151. மந்திரி சபை நிலைத்தது.

அரிசிக்கு விடுதலை

அந்த ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜாஜி ஒரு துணிச்சலான காரியம் செய்தார்.

அப்போது அரிசிக்கு ரேஷன். அளந்து கொடுத்த அரிசியில்தான் குடும்பம் நடக்க வேண்டும். விவசாயி தன் நெல்லை சர்க்காருக்கு அளக்க வேண்டும். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குத் தன் இஷ்டப்படி கொண்டு போக முடியாது. மழையும் பல ஆண்டுகளாகப் பொய்த்திருந்தது.

கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று பலர் அஞ்சினார்கள். ராஜாஜி கேட்கவில்லை. 1952 ஜூனில் ரேஷனை எடுத்தார். பதுங்கிக் கிடந்த அரிசி கடைக்கு வந்தது. அஞ்சிய பஞ்சம் வரவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் நிம்மதியாக உலை வைத்தார்கள்.

அதே ஆண்டில் தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்கச் சட்டம் வந்தது. கைத்தறி நெசவாளர் வாடியபோது, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே விட வேண்டும் என்று டெல்லியிடம் வாதாடினார்.

1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திரா தனி ராஜ்யம் ஆயிற்று.

பள்ளிக்கூடத்தில் விழுந்த அடி

பெரும்பான்மை இல்லாத சபையில் ஜெயித்த ராஜாஜி, ஒரு பள்ளிக்கூடத் திட்டத்தில் தோற்றார்.

நாட்டில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கே போகவில்லை. கட்டிடமும் போதாது, வாத்தியாரும் போதாது. ராஜாஜி ஒரு கணக்குப் போட்டார். கிராமப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு. காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி. அதே வாத்தியார் இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். மற்ற நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் கற்கலாம்.

1953-ல் திட்டம் வந்தது. கட்சியைக் கேட்கவில்லை. சட்டசபையையும் கேட்கவில்லை.

ஏழை வீடுகளில் வேறு கேள்வி எழுந்தது. வண்ணான் பிள்ளை வெளுக்கவும், சக்கிலியர் பிள்ளை செருப்புத் தைக்கவும்தானா? எங்கள் பிள்ளை உத்தியோகம் பார்க்கக் கூடாதா? குலக்கல்வி என்ற பெயர் ஊர் ஊராகப் பரவியது.

நெடுநாள் நண்பர் பெரியார் எதிர்த்தார். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் தி.மு.க. எதிர்த்தது. ராஜாஜி வீட்டு முன் மறியல் நடந்தது. காங்கிரசிலேயே காமராஜ் பக்கம் கூட்டம் கூடியது.

ராஜாஜி திட்டத்தை விடவில்லை. பதவியை விட்டார். 1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜ் முதல்-மந்திரி ஆனார். மே மாதத்தில் அந்தத் திட்டம் ரத்தாயிற்று. வெளியில் இருந்து கை கொடுத்தவர்களைச் சேர்த்துக் கொண்ட ராஜாஜி, வீட்டுக்குள் இருந்தவர்களைக் கேட்க மறந்தார். இரண்டே ஆண்டில் ஆட்சி போயிற்று.

மூன்றாம் முறை

அதோடு அவர் ஓயவில்லை. 1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தார். தன் வீட்டு முன் மறியல் செய்த கட்சியோடு கை கோத்தார்! காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. காஞ்சிபுரத்து அண்ணா முதல்-மந்திரி ஆனார். ராஜாஜி எந்தப் பதவியும் கேட்கவில்லை.

1972 டிசம்பர் 25-ந் தேதி அவர் மறைந்தார். வயது 94.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் வயதுக்கு வரம்பு உண்டு. ஆனால் எழுபதைத் தாண்டிய பிறகும் ஒரு மனிதன் அரிசிச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்று ராஜாஜி காட்டினார். கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதியோ இன்றைக்கும் பொருந்தும். குடத்தில் விழாத பெயர் அவருடையது. ஓட்டு வாங்காமல் வந்த அவரிடமும் ஊர் கணக்குக் கேட்டது. அந்தக் கணக்கை அவர் பிள்ளைகளின் படிப்பில்தான் தீர்க்க வேண்டியிருந்தது.