சோதித்தறிந்த ஜி. டி. நாயுடு

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி வைத்திருப்போருக்கு மிகுந்த தொல்லை தரும் உறுப்பு எதுவென்று கேட்டால், இக்னிஷன் காயில் என்றே பலர் சொல்லுவர். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் ஒழுகினால் தரையே காட்டிக் கொடுக்கும். காயிலோ தகர உறைக்குள் தாரோ எண்ணெயோ நிரப்பி மூடப்பட்ட பொருள். பாட்டரி தரும் 6 அல்லது 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, பிளக்கில் தீப்பொறி எழச் செய்வது அதன் வேலை. உள்ளே மெல்லிய கம்பிச்சுற்றின் காப்பு சிறிது கெட்டிருந்தால், குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக நடந்து, சூடேறியதும் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும். ஆகையால் சோதனைக் கருவியில் மாட்டிச் சற்று நேரம் ஓடவிட்டு, சூடேறிய பின்னும் பொறி உரிய இடைவெளியைத் தாண்டுகிறதா என்று பார்த்தாலன்றி, காயில் நல்லதென்று சொல்ல இயலாது.

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலை தொடங்கும் பாடியில், பிரிட்டிஷ் லூகாஸ் கம்பெனியும் டி. வி. எஸ். நிறுவனத்தாரும் 1961ல் கூட்டாக ஆரம்பித்த தொழிற்சாலை, மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய மின்சார உறுப்புகளைச் செய்து வருகிறது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இன்று யந்திர உறுப்புகளோடு பழகி வாழ்வோர் பல்லாயிரவர். அந்நிய நாட்டுக் கூட்டுறவு கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே, வண்டியைத் தாமே பிரித்து, பழுதைத் தாமே தேடிக் கற்ற ஒரு தமிழ்நாட்டாரின் சரிதத்தை அவர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் வருஷம் மார்ச் 23ந் தேதி, கோயமுத்தூர் ஜில்லாவிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரும் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்தவராக இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. வாலிபப் பருவத்தில் வெள்ளைக்கார ரெவின்யூ உத்தியோகஸ்தர் ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊர்வழி வரக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஓடும் அந்த வண்டி அவர் மனத்தை விட்டு அகலவில்லை. கோயமுத்தூருக்குச் சென்று ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். பணம் சேரும்வரை பொறுத்திருந்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். ஏறி ஊர் சுற்றுவதற்காக அல்ல. வாங்கியவுடன் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். ஆசானும் புத்தகமும் இல்லாத பாடம் அது. தப்பாகப் பூட்டினால் யந்திரம் கிளம்பாது என்பதே பரீட்சை.

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, திருப்பூரில் சம்பாதித்ததைப் பம்பாயில் இழந்தார். அந்த அத்தியாயத்தை நீட்டுவதற்கில்லை.

கோயமுத்தூர்த் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியுடன் 1920ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார். 1933க்குள் அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸில் 280 பஸ்கள் ஓடின. அக்காலத்து பஸ் முதலாளிகள் ஆள் நிரம்பினால் வண்டியை எடுப்பார்கள். நாயுடுவின் வண்டி கடிகாரத்தைப் பார்த்துப் புறப்பட்டது. அப்படிப் புறப்பட வேண்டுமானால், வழியில் நிற்கக்கூடிய வண்டி முதல் நாள் இரவே பட்டறையில் அகப்பட்டாக வேண்டும் அன்றோ? அவர் அமைத்த கருவிகளில் யந்திரத்தின் அதிர்வைச் சோதிப்பதும் ஒன்றென்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்திருப்பதில் நமக்கு வியப்பில்லை. டிக்கட் அச்சிடும் யந்திரம், மின்சார க்ஷவரக் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழரசம் பிழியும் பொறி என்று மற்றவற்றின் ஜாபிதா நீளும். 1937ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். 1941ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியுமென்று காட்டினார்.

1945ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும், பின்னர் இஞ்சினீரிங் கல்லூரியும் தோன்றக் காரணமாயிருந்தார். அங்கே பிரின்சிபாலாக அமர்ந்தவர், நான்கு வருஷப் படிப்பு காலவிரயம், இரண்டு வருஷம் போதும் என்றார். சர்க்கார் இசையவில்லை, பதவியை விட்டு விலகினார். எல்லோரும் நாயுடுவைப் போல் மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்றுவிட முடியாது. ஆகவே அவர் கணக்கு முற்றிலும் சரியென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் திருகைத் தொடாமலே பட்டம் பெறும் இஞ்சினீயர்களைப் பற்றி அவர் கொண்ட கவலை இன்னும் பழசாகவில்லை.

சுதந்திரம் வந்த பின் நடந்ததே நம் நெஞ்சை உறுத்துகிறது. 1952ல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாயில் செய்து காட்டினார். தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டுமென்னும் 1951ஆம் வருஷத்துச் சட்டம் அமலுக்கு வந்ததும் அவ்வாண்டே. அனுமதி மறுக்கப்பட்டது. மூலதனமும் உறுப்புகளும் சிதறிப் போகாமல் காக்க வேண்டுமென்பது சர்க்காரின் வாதம். அதில் சிறிதும் நியாயமில்லை என்று சொல்லமாட்டோம். எனினும் ஒரு காயிலைக்கூடச் சோதனைக் கருவியில் மாட்டிய பிறகே ஒதுக்குகிறோம். ஒரு மனிதரின் காரைச் சாலையில் ஓடவிட்டுப் பார்த்த பின் ஒதுக்கியிருக்கலாகாதா? வரிக் கொள்கையையும் எதிர்த்து நின்ற நாயுடு, தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். அந்த ஆத்திரத்தை நாம் போற்றவில்லை. அதற்கு இடமளித்த பிடிவாதத்தையும் மன்னிப்பதற்கில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1998ல், திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் கார் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் கார் ஜப்பானிய மிட்சுபிஷியினுடையது.

1974ஆம் வருஷம் ஜனவரி 4ந் தேதி நாயுடு காலமானார். அவர் பெயரால் கோயமுத்தூரில் பொருட்காட்சிசாலை உண்டு. 2015ல் பழங்கால மோட்டார் வண்டிகளுக்கென்றே ஒரு தனிச்சாலையும் அங்கே திறக்கப்பட்டது. பல தேசத்து வண்டிகளை இன்று அங்கே நம்மவர் பார்த்து மகிழ்கின்றனர். 2,000 ரூபாய்க் கார் கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை.