பல்சக்கரத்துக்குக் கணக்குப் போட்ட ஆய்லர்

ஆய்லர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கலப்பெண் சூத்திரம், இல்லைன்னா தூண் வளையுற கணக்கு. ஆனா நம்ம லேப்ல இருக்கிற கியர்பாக்ஸ்லயும் அவர் கை இருக்குன்னு தெரியுமா?

லியோனார்டு ஆய்லர் 1707-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். பாதிரியாரான அப்பாவுக்கு மகனும் அதே வழியில் போகணும்னு ஆசை. சனிக்கிழமைகளில் யோகான் பெர்னூலியிடம் சந்தேகம் கேட்கப் போன பையன், கணக்குப் பக்கம் சாய்ந்துவிட்டான். 20 வயதில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் சேர்ந்தார். 1738-ல் வலது கண் பார்வை போனது. 1741-ல் பெர்லினுக்கு மாறினார்.

1760-களில் வெளிவந்த இரண்டு கட்டுரைகளில் கியர் பல்லின் வடிவத்தைக் கையில் எடுத்தார். அவர் தேடியது இரண்டு: சக்கரங்கள் சீரான வேகத்தில் சுத்தணும், பற்கள் உரசவே கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டும் ஒண்ணா கிடைக்காது! பிட்ச் புள்ளியில் மட்டும்தான் பற்கள் வழுக்காமல் உருளும்; அதைத் தாண்டினால் வழுக்கல்தான். சீரான வேகத்தை விட்டுக்கொடுக்காமல், உரசலை ஏத்துக்கிட்டார். அப்படிக் கிடைத்த வடிவங்களில் ஒன்றுதான் இன்வால்யூட். இதில் இன்னொரு வசதியும் உண்டு: இரண்டு அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் கொஞ்சம் மாறினாலும் வேக விகிதம் மாறாது.

இன்னைக்கு ரோபோ மூட்டுக்குச் சின்ன கியர் ரெட்யூசர் டிசைன் பண்றவங்களுக்கும் இதே சிக்கல்தான். மாட்யூலைக் குறைத்தால் பல் சிறுத்து, தொடர்பு பிட்ச் புள்ளிக்குப் பக்கத்திலேயே நடக்கும். உரசல் இழப்பு குறையும், எஃபிஷியன்சி கூடும். ஆனா பல்லின் அடிப்பகுதி மெலிந்து, லோடு வந்தால் முறியும். பலத்துக்காக அகலத்தைக் கூட்டினால் பெட்டி பெருசாகும். ஒண்ணு வேணும்னா இன்னொண்ணைக் கொஞ்சம் விடணும்.

1766-ல் ஆய்லர் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். சீக்கிரமே மற்ற கண்ணும் போனது. அவர் நிறுத்தவில்லை. மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, மகன்களையும் மாணவர்களையும் எழுத வைத்தார். வாழ்நாள் எழுத்துகளில் பாதியளவு இந்தக் காலத்தில் வந்தவை. 1783-ல் மறைந்தார்.

அடுத்த முறை டிசைன் டேட்டா புக்கில் 20 டிகிரி இன்வால்யூட்னு பார்த்தால், அப்படியே எடுத்துப் போட்டுட்டுப் போயிடாதீங்க. உங்க ரெட்யூசர்ல எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாதுன்னு ஒரு தாளில் எழுதிட்டு ஆரம்பிங்க. ஆய்லரும் அங்கிருந்துதான் ஆரம்பிச்சார்.