காற்பந்து ஆசான் ரஹீம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கோல் அடித்தவரை ஊர் அறியும். அவரை ஆளாக்கிய ஆசிரியரை அறிவார் சிலரே. அத்தகைய ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை நம் கல்லூரித் தோழர் தோழியர் அறிதல் வேண்டும் என்னும் ஆவலால் இதனை எழுதுகிறேன். அவர்தாம் சையத் அப்துல் ரஹீம்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், பந்தும் ஆடினார், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1950இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இளைஞர்களைப் பழக்க அவர் கண்ட வழிகள் புதுமையானவை. வலுவற்ற காலால் மட்டுமே ஆடும் போட்டிகளை நடத்தினார். பந்தைத் தாமே கடத்திச் செல்லாமல் பிறருக்கு உடனே தரவேண்டும் என்று விதித்தும் போட்டிகள் வைத்தார். நம் காஞ்சியில் பிறந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். தறிக்குழியில் இரு கால்களும் மிதித்தால்தான் துணி விளையும். கோர்வைச் சேலைக்கோ, கரை நாடாவை வாங்கித் தர மறுபுறம் ஓர் ஆள் வேண்டும். ஒற்றைக் காலையும் ஒற்றை ஆளையும் நம்பினால் தறியும் ஓடாது, ஆட்டமும் ஓடாது.

அவர் பயிற்சியில் இந்தியா 1951இல் டில்லி ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் பெற்றது. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. அத்தோல்வியில் அவர் துவளவில்லை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றோம். இறுதியாட்டத்திலும் அதே தென்கொரியா! தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவிட்டார் ரஹீம். பி.கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் ஒரு கோலும் அடித்தனர். குன்னூரை அடுத்த வெல்லிங்டன் படைப்பிரிவு அணியில் ஆடிப் பெயர்பெற்ற பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். 2-1 என வென்றோம். அதன்பின் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் தங்கம் கிட்டவில்லை. ஒன்பதே மாதங்களில், 1963 ஜூன் 11ஆம் நாள், புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோயிற்று.

இந்தியப் பெண்கள் காற்பந்துக்கெனச் சம்மேளனம் தோன்றியதே 1975இல்தான். ரஹீம் அதைக் காணவில்லை. எனினும் 2018இல் கட்டாக்கில் தமிழகப் பெண்கள் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றபோது, அவர் வலியுறுத்திய இருகால் ஆட்டமும் கூட்டாட்டமும் பெண்களுக்கும் உரியவை என்பது தெளிவாயிற்று.

எங்கள் நெசவாளர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படிப்பு வேலைக்கு, பந்து எதற்கு என்று கேட்கின்றனர். பட்டமும் பந்தும் ஒருவரிடமே அமையும் என்பதற்கு ரஹீமே சான்று. பட்டம் பெற்றபின் உடற்கல்வி பயின்று, நம்மூர்ச் சிறுமியர்க்குப் பந்தாடக் கற்றுத்தர விழைகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இம்மலர் அப்பா கைக்குப் போகுமுன் சொல்லிவிடுவேன்.