ஏற்ற குழுவும் விட்டுச் சென்ற குழுவும்

கால்பந்தில் ஒரு குழு தோற்றுவிட்டால் முதலில் உருளுவது பயிற்சியாளரின் தலை. வென்றுவிட்டாலோ மாலை முழுவதும் ஆட்டக்காரர்களுக்கு. நம் விடுதியின் உணவுக் கூடத்திலும் இந்த வழக்கு ஓயாமல் நடைபெறுவதை நண்பர்கள் அறிவர். என் எண்ணத்தில், ஒரு பயிற்சியாளரை அளக்க நேர்மையான வழி ஒன்றே உண்டு. அவர் எத்தகைய குழுவை ஏற்றார், அதை என்ன ஆக்கினார், அடுத்தவர் கையில் எதை ஒப்படைத்தார் என்று பார்ப்பதே அது. இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கத் தக்க ஒருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். அவர்தாம் ஐதராபாத் சையத் அப்துல் ரகீம்.

1909 ஆகஸ்டு 17 அன்று ஐதராபாத்தில் பிறந்த ரகீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். மைதானத்திலும் அவர் ஆசிரியராகவே விளங்கினார். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதை அவர் விரும்பவில்லை. உடனுக்குடன் பந்தைத் தோழனுக்கு அனுப்பும் ஆட்டத்தையே கற்பித்தார். வலுவற்ற காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று விதித்துப் பந்தயங்கள் நடத்தினார். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

1950 ஆம் ஆண்டில் இந்தியக் குழுவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் ஏற்ற குழு எளிய குழு அன்று. பலாய்தாஸ் சட்டர்ஜியின் பயிற்சியில் 1948 இல் லண்டன் ஒலிம்பிக் சென்ற குழு, பிரான்சு நாட்டிடம் 1-2 என்ற கணக்கிலேதான் தோற்றது. பலர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. அந்தக் குழுவில் இருந்த சைலன் மன்னாவே 1951 இல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் தலைவர். இறுதி ஆட்டத்தில் ஈரானை வீழ்த்திய ஒரே கோலை அடித்த மேவாலாலும் லண்டன் சென்றவரே. ஆகவே அந்தத் தங்கத்தில் முன்னவருக்கும் பங்குண்டு என்று சொல்வதே நியாயம்.

மறு ஆண்டே கண் திறந்தது. 1952 இல் எல்சிங்கியில் யூகோசுலாவியா 10-1 என்று நம்மைத் தோற்கடித்தது. குளிரிலும் ஈரத் தரையிலும் வெறுங்கால் ஆட்டம் எடுபடவில்லை. அதன் பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரகீமும் தம் ஆட்ட முறையை மாற்றினார். அக்காலத்தில் உலகை வியக்க வைத்த அங்கேரியக் குழுவைப் போல, முன்வரிசை வீரர் ஒருவரைச் சற்றே பின்னுக்கு இழுத்து ஆடச் செய்தார். புதிய இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். 1956 இல் மெல்போர்னில் அந்தக் குழு ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் மீண்டும் யூகோசுலாவியா. இம்முறை தோல்வி 1-4. இறுதியில் நான்காம் இடம். எதிரிக் குழுவின் ஆட்களும் மாறியிருந்தனர். எனவே இது ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது. ஆயினும் ஒன்பது கோல் இடைவெளி மூன்றாகக் குறைந்தது தற்செயல் என்று தள்ளவும் என் மனம் ஒப்பவில்லை.

1962 இல் ஜகார்த்தா சென்ற குழு முழுவதும் ரகீமின் வார்ப்பு. சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் மூவரும் முன்வரிசையில் நின்றனர். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. பின்னர்த் தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரகீம் அவரை விலக்கவில்லை, முன்வரிசைக்கு மாற்றினார்! இறுதி ஆட்டத்தில் அதே கொரியா. நமக்கு எதிராக ஆரவாரிக்கும் பெருங்கூட்டம். பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1 என வெற்றி. அப்போதே ரகீமின் உடலில் புற்றுநோய் குடியேறியிருந்தது. 1963 ஜூன் 11 அன்று அவர் மறைந்தார்.

அடுத்து வந்த ஆங்கிலேயர் ஹாரி ரைட் ஏற்றது செதுக்கி முடித்த குழு. 1964 ஆசியக் கோப்பையில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். அதில் ரகீமின் பங்கும் உண்டு. ஆனால் அதே ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக்கில் நுழைய முடியாமல் ஈரானிடம் தோற்றோம். இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் மீண்டும் இடம் கிடைக்கவில்லை. 1970 இல் பெற்ற வெண்கலமே ஆசியப் போட்டியில் நமது கடைசிப் பதக்கம்.

ரகீம் சிறந்த வீரர்களை விட்டுச் சென்றார். அவர்களுக்கும் வயது ஏறியது. அத்தகையோரை ஆண்டுதோறும் உருவாக்கும் ஏற்பாடு மட்டும் நாட்டில் வேர் கொள்ளவில்லை. அதற்கு அவரைக் குறை கூறுவது தகாது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தனி மனிதர் செய்யக் கூடியதை அவர் செய்து முடித்தார். எஞ்சியதைச் செய்திருக்க வேண்டியவர்கள் ஒப்படைக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டவர்கள்.

ஆண்டுதோறும் பொறுப்பு கைமாறும் நம் சங்கம் போன்ற அமைப்புகளும் இதை நினைவில் கொள்ள வேண்டும். நாம் ஏற்றதற்குரிய புகழ் முன்னவர்க்கு. நாம் விட்டுச் செல்வதற்குரிய கணக்கு நமக்கு.