கடலோர ஓவியர் பணிக்கர்

அல்சூர் ஏரியை அன்றாடம் காணும் ஜோகுபாளையத்தார்க்குக் கடல் காண வேண்டுமெனில் சென்னைக்குத்தான் வண்டியேற வேண்டும். அவ்வாறு செல்வோர் மாமல்லபுரச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிக் காணத்தக்கது சோழமண்டலக் கலைஞர் கிராமம். அதனை நிறுவிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்வை இம்மலரில் சிறிது கூற விழைகிறோம்.

மலையாள நாட்டுக் குடும்பத்தினரான பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். இளமையிலேயே தூரிகை பிடித்தாராயினும், வயிற்றுப்பாடு என்று ஒன்று உண்டன்றோ? தந்தித் துறையில் பணியேற்றார். மாதம் பிறந்தால் சம்பளம் தரும் சர்க்கார் உத்தியோகத்தின் அருமையை மேசையடியில் காலங்கழிக்கும் எம்போன்றோர் நன்கறிவோம். அதனை உதறிவிட்டு, 1936-இல், 25-ஆம் வயதில், சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். இது துணிவா, பிடிவாதமா? இரண்டுமே என்பது எம் கருத்து. அப்போது பள்ளித் தலைவராயிருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையை ஆக்கியவர் அவரே.

பணிக்கரின் தொடக்ககாலப் படைப்புகளுள் சிறந்தவை நீர்வண்ணக் காட்சிகள். மலையாளக் கரையோரத்துத் தென்னை, காயல், குடிசை, வானம் ஆகியவையே பொருள். தென்னங்கீற்றை ஒவ்வொன்றாய் எண்ணி வரைவது அவர் வழியன்று. நீர்வண்ணம் இரக்கமற்றது, ஈரம் உலருமுன் கை ஓடவேண்டும், இட்ட வண்ணத்தை அழித்தெழுத வழியில்லை. தாளின் வெண்மையையே நீரின் ஒளியாக விட்டுவிடும் துணிவும் வேண்டும். தளர்ந்தோடும் அத்தூரிகையில் காற்றின் ஈரமே நம்மேல் படுவது போலிருக்கும்.

1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1954-இல் இலண்டனில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1957-இல் தாம் பயின்ற பள்ளிக்கே முதல்வரானார். 1963 முதல் எழுத்துகளும் சாதகக் கட்டம் போன்ற குறிகளும் நிரம்பிய புதுவகை ஓவியங்களைத் தீட்டினார். அறிஞர் போற்றுவது இவற்றையே. எம் நெஞ்சில் நிற்பனவோ அக்காயற்கரைகளே.

ஆயினும் அவரை வாட்டிய கவலை வேறு. பயின்று வெளியேறும் இளைஞர்க்குப் படம் சோறு போடவில்லை. பலர் கலையைக் கைவிட்டு வேறு வேலை தேடினர். தந்தித் துறையில் தாம் விட்டுவந்த நாற்காலி போன்ற ஒன்றில் தம் மாணவரும் சென்றமர்வதைக் காண அவருக்குப் பொறுக்குமா? அவர்களைப் பாத்திக் துணி முதலிய கைவினைகளில் ஈடுபடுத்தினார். அவ்வருவாயைக் கொண்டு 1966-இல் கடலோரத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. பகலில் கைத்தொழில், எஞ்சிய பொழுதில் ஓவியம், சிற்பம் என வாழ்ந்தனர்.

1967-இல் முதல்வர் பதவியினின்று ஓய்வுபெற்ற பணிக்கர், 1977-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார். அன்று வெறும் மணற்காடாயிருந்த அவ்விடத்தில் கலைஞர் இல்லங்களும் ஓர் அருங்காட்சியகமும் இன்று உள்ளன.