கேலிச் சித்திரம் தந்த பாரதி

பாரதியார் என்றதும் பாட்டுதான் நினைவுக்கு வரும். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச் சித்திரத்தைப் புகுத்தியவரும் அவரே.

எட்டயபுரத்தில் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி பிறந்தார். 1904-ல் சென்னை வந்து ‘சுதேசமித்திர’னில் உதவி ஆசிரியரானார். 1906-ல் ‘இந்தியா’ வார இதழ் அவர் கைக்கு வந்தது.

முதல் பக்கத்தில் பெரிய படம், கூடவே விளக்கம். யோசனை பாரதியுடையது, வரைந்தவர் வேறு. நாட்டின் செல்வம் கப்பலேறுவது, பஞ்சம், சுதேசியம், காங்கிரஸ் மிதவாதிகளின் தயக்கம் எல்லாம் படமாயின. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் சங்கதி புரிந்தது.

இங்கிலாந்தில் இது பழைய சரக்கு. கில்ரே என்ற ஓவியர் மன்னர் மூன்றாம் ஜார்ஜையே கேலி செய்தார். அந்தப் படங்களை லண்டன் கடை ஜன்னலில் மாட்டி விற்றார்கள். அங்கே சிரித்த வெள்ளையருக்கு இங்கே சிரிப்பு வரவில்லை.

1908-ல் ‘இந்தியா’ மீது ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம்.சீனிவாசன். அவருக்கு 5 ஆண்டு சிறை. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். சீனிவாசன் பெயர் ஒரு வரியோடு நின்றுபோவது நியாயமே அல்ல.

புதுச்சேரியிலிருந்தும் படங்கள் வந்தன. 1910-ல் பிரிட்டிஷ் எல்லைக்குள் இதழ் நுழையத் தடை வந்தது. அன்று நம் சித்தூர்தான் சென்னை மாகாணத்து வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதியும் அதே மாவட்டம். தடை இங்கும் சேர்த்துத்தான். வாசகரை இழந்த இதழ் நின்றது.

1918-ல் ஊர் திரும்பிய பாரதி கடலூரில் கைதாகி விடுதலையானார். 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் காலமானார். வயது 38. அவருடைய கேலிச் சித்திரங்கள் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தது 1994-ல்தான்.