திராட்சையின் காவலர் மில்லார்தே

பழத் திருடர்களை அஞ்சவைக்கத் தெளித்த நீலப் பூச்சு திராட்சைத் தோட்டங்களையே காத்தது என்றால் நம்புவீர்களா?

1838-இல் பிரான்சில் பிறந்த மில்லார்தே, மருத்துவம் பயின்று தாவரவியலுக்கு வந்தவர், போர்டோவில் பேராசிரியரானார். அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய், 1878 முதல் பிரெஞ்சுக் கொடிகளின் இலைகளை உதிர்த்துக் கொண்டிருந்தது. 1882 அக்டோபரில் மெடாக் பகுதியில் நடந்து சென்றவர், பாதையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் உதிராதிருக்கக் கண்டு நின்றார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க அவற்றின்மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். எத்தனையோ பேர் கண்ட காட்சிதான். காரணம் தேடியவர் இவர். வேதியியலார் கயோனின் துணையோடு மூன்றாண்டுகள் சோதித்து, 1885-இல் போர்டோக் கலவையை உலகுக்கு அளித்தார். திருடர்களுக்கும் இதில் பங்குண்டு போலும்!

கவாத்துக் காயங்களில் பூஞ்சை புகாதிருக்க இன்று பூசும் போர்டோப் பசையும் அதே மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். மில்லார்தே 1902-இல் போர்டோவிலேயே மறைந்தார்.